கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்திய கடற்படை அட்மிரல்

கம்ப்யூட்டருக்கு உண்மையில் எந்த மொழியும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 0, 1 என்ற இரண்டே எண்கள்தான். அப்படியிருந்தும், இன்று உலகம் முழுவதும் பல லட்சம் பேர், ஆங்கிலச் சொற்களைப் போன்ற கட்டளைகளை எழுதி அதனிடம் வேலை வாங்குகிறார்கள். அந்தச் சொற்களை எண்களாக மாற்றும் வேலையையும் கம்ப்யூட்டரே செய்துகொள்கிறது.

இது நடக்கும் என்று 70 ஆண்டுகளுக்கு முன் சொன்னபோது, பலர் நம்பவே இல்லை. அவர்களுக்குச் செய்து காட்டியவர் ஒரு பெண். கணிதப் பேராசிரியை, கம்ப்யூட்டர் விஞ்ஞானி, கடற்படை அதிகாரி என்று ஒரே வாழ்நாளில் மூன்று பேரின் வேலையைப் பார்த்தவர். அவர்தான் கிரேஸ் ஹாப்பர்!

ஏழு கடிகாரங்கள்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில், 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி பிறந்தார் கிரேஸ். வீட்டில் மூன்று குழந்தைகள். அவர்தான் மூத்தவர். அப்பா இன்சூரன்ஸ் தொழில் செய்தவர். அம்மாவுக்குக் கணிதம் என்றால் உயிர். ஆனால், அந்தக் காலத்தில் பெண்கள் கணிதம் படிப்பது வழக்கமில்லை என்பதால், அவரால் ஆசைப்பட்ட அளவுக்குப் படிக்க முடியவில்லை.

கிரேஸுக்கு ஏழு வயது இருக்கும். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிராமத்து வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே ஒவ்வொரு படுக்கையறையிலும் ஓர் அலாரம் கடிகாரம் இருந்தது. மணி எப்படி அடிக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு கடிகாரத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்த பற்சக்கரங்களும் சுருளும் சிதறிவிட்டன. திரும்ப மாட்டத் தெரியவில்லை. சரி, இன்னொன்றைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று அடுத்ததைக் கழற்றினார். இப்படியே ஏழு கடிகாரங்களும் அக்கு வேறு ஆணி வேறாகிவிட்டன!

அம்மா அடிக்கவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யலாம் என்று உத்தரவு போட்டார். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ரத்தக் குழாய் நோய் வந்து, இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நிலையிலும் அவர் ஒன்றில் உறுதியாக இருந்தார். மகனுக்குக் கிடைக்கும் அதே படிப்பு மகள்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அது. தனக்குப் பிறகு பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

பெயில் ஆன மாணவி

பெண்களுக்கான வாசர் கல்லூரியில் சேர, 16 வயதில் நுழைவுத் தேர்வு எழுதினார் கிரேஸ். லத்தீன் மொழித் தாளில் தோல்வி! ஓராண்டு காத்திருந்து, நன்றாகப் படித்து, அடுத்த ஆண்டு சேர்ந்தார். 1928-இல் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு, புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில் 1930-இல் முதுகலைப் பட்டமும், 1934-இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். அந்த நாளில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பெண்கள் குறைவு. 1930-இல் வின்சென்ட் ஹாப்பர் என்ற ஆசிரியரை மணந்ததால், கிரேஸ் முர்ரே, கிரேஸ் ஹாப்பர் ஆனார். பின்னாளில் இருவரும் பிரிந்துவிட்டனர். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தான் படித்த வாசர் கல்லூரியிலேயே 1931-இல் ஆசிரியையாகச் சேர்ந்தார். அவருடைய வகுப்பில் ஒரு வேடிக்கை உண்டு. கணித மாணவிகளைக் கட்டுரை எழுதச் சொல்வார்! எழுதிக் கொடுத்ததும் சிவப்பு மையால் திருத்தித் தருவார். நாங்கள் கணிதம் படிக்கத்தானே வந்தோம், கட்டுரை எதற்கு என்று மாணவிகள் முணுமுணுப்பார்கள். கற்ற கணிதத்தை மற்றவர்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரியாவிட்டால், கற்று என்ன பயன் என்று கேட்பார் கிரேஸ்.

புரியும்படி சொல்வது... இந்த ஒரு விஷயம்தான் பின்னாளில் அவரை எங்கோ கொண்டு போய் நிறுத்தியது.

எடை போதாது!

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் பேர்ல் துறைமுகத்தில் குண்டு வீசின. அமெரிக்காவும் இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. கிரேஸின் கொள்ளுத் தாத்தா கடற்படையில் அட்மிரலாக இருந்தவர். தானும் கடற்படையில் சேர வேண்டும் என்று துடித்தார் கிரேஸ்.

ஆனால், கடற்படை அவரை ஏற்கவில்லை. வயது அதிகம் என்றார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லை, சுமார் 7 கிலோ குறைகிறது என்றார்கள். கணிதப் பேராசிரியை என்பதால், கல்லூரியில் பாடம் நடத்துவதே நாட்டுக்குச் செய்யும் சேவை என்றும் சொல்லிவிட்டார்கள்.

கிரேஸ் விடவில்லை. எடை விதியிலிருந்து சிறப்பு விலக்கு வாங்கினார். கல்லூரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, 1943 டிசம்பரில் கடற்படையின் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார். பயிற்சிப் பள்ளியில் அவரோடு இருந்தவர்கள் பலர் அவரிடம் படித்த மாணவிகளின் வயதுக்காரர்கள். 37 வயதில் அவர்களோடு சேர்ந்து அணிவகுத்து நடந்தார். பயிற்சியின் முடிவில், வகுப்பிலேயே முதல் இடம் அவருக்குத்தான்!

51 அடி நீளக் கம்ப்யூட்டர்

1944 ஜூலையில் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மார்க்-1 என்ற பிரம்மாண்டமான இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை ஏறக்குறைய 5 டன். உள்ளே பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒயர்! இவ்வளவு பெரிய இயந்திரம் ஒரு நொடியில் செய்தது மூன்றே மூன்று கூட்டல்தான். ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி ஆகும். ஆனால், 23 இலக்க எண்களைத் தவறில்லாமல் கணக்கிடும். மனிதர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் கணக்குகளை, அது இரவு பகலாகச் செய்து முடிக்கும்.

இந்த இயந்திரத்தைத் திட்டமிட்டவர் ஹோவர்டு ஐக்கன். கண்டிப்புக்குப் பேர் போனவர். கிரேஸ் உள்ளே நுழைந்ததும், இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டு, ஒரு பெரிய கணக்கையும் கையில் கொடுத்தார். அடுத்த வியாழக்கிழமைக்குள் முடிக்க வேண்டுமாம்! கிரேஸ் அதுவரை கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அங்கிருந்த இரண்டு இளம் அதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். மார்க்-1 இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதிய மூன்றாவது ஆள் என்ற பெயரும் கிடைத்தது.

அந்த நாளில் புரோகிராம் எழுதுவது என்றால் என்ன தெரியுமா? ஒவ்வொரு கட்டளையையும் எண்களாக எழுதி, அவற்றைக் காகித நாடாவில் துளைகளாகப் போட வேண்டும். ஒரு துளை இடம் மாறினாலும் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்பது போன்ற போர்க் கணக்குகள் அங்கே வந்தன. 1944-இல் ஜான் வான் நியூமன் என்ற கணித மேதையும் ஒரு கணக்கோடு வந்தார். அது எதற்கான கணக்கு என்று இயந்திரத்தை இயக்கியவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அது அணுகுண்டு தயாரிப்புக்கான கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. இயந்திரத்துக்கு நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. கொடுத்த கணக்கைப் போடும். அதைக் கொண்டு என்ன செய்வது என்பது மனிதர்கள் கையில்தான் இருக்கிறது.

மார்க்-1 இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று விளக்கி, 500 பக்கங்களுக்கும் மேற்பட்ட ஒரு கையேட்டையும் உருவாக்கினார் கிரேஸ். அது 1946-இல் வெளிவந்தது.

கம்ப்யூட்டரில் பூச்சி!

அடுத்து மார்க்-2 வந்தது. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி அது மக்கர் செய்தது. திறந்து பார்த்தால், ரிலே என்ற பகுதிக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கி இறந்து கிடந்தது! அதை எடுத்து, அன்றைய பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, நிஜமாகவே ஒரு பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இப்போது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

புரோகிராமில் உள்ள தவறை 'பக்' என்று சொல்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் பூச்சி என்று பொருள். கிரேஸ்தான் அந்தப் பெயரை வைத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே இருந்தது. அதனால்தான் நிஜப் பூச்சி கிடைத்ததும் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. கிரேஸ் இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொன்னதால், அது உலகப் புகழ் பெற்றுவிட்டது.

போர் முடிந்ததும், கடற்படையின் நிரந்தரப் பிரிவில் சேரக் கேட்டார் கிரேஸ். வயது கடந்துவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். ரிசர்வ் பிரிவில் மட்டும் தொடர அனுமதி கிடைத்தது. ஹார்வர்டிலும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. வாசர் கல்லூரிக்குத் திரும்பியிருந்தால் சுகமான பேராசிரியை வேலை காத்திருந்தது. ஆனால், 1949-இல் அவர் பிலடெல்பியா நகரில் எக்கெர்ட், மாக்லி என்ற இருவர் நடத்திய சிறிய கம்பெனியில் சேர்ந்தார். அங்கே யூனிவாக் என்ற புதிய கம்ப்யூட்டர் உருவாகிக்கொண்டிருந்தது. கம்பெனிக்கோ பணத் தட்டுப்பாடு. கிரேஸுக்கு வயது 42. இருந்தாலும் துணிந்து இறங்கினார்.

கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதினால்...

அங்கே ஒரு விஷயம் கிரேஸின் கண்ணை உறுத்தியது. ஒருவர் எழுதிய புரோகிராமின் ஒரு பகுதி இன்னொருவருக்கும் தேவைப்படும். உடனே நோட்டுப் புத்தகத்தை வாங்கி, பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். இப்படிக் காப்பி எடுக்கும்போது தவறுகள் நுழைந்துவிடும். ஆங்கில எழுத்து பி, 13 என்று மாறிவிடும். 4 என்பது ஏ ஆகிவிடும். அப்புறம் தவறு எங்கே என்று நாள்கணக்கில் தேட வேண்டும்.

கிரேஸ் யோசித்தார். மனிதர்கள் பார்த்து எழுதினால் தப்பு வருகிறது. பார்த்து எழுதுவதில் கம்ப்யூட்டர் கெட்டிக்காரன். அப்படியானால், அந்த வேலையை ஏன் அதனிடமே கொடுக்கக் கூடாது?

சமையல்காரர் ஒருவரிடம் ஒரு குறிப்பேடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு வேக வைப்பது 1, புளி கரைப்பது 2, தாளிப்பது 3 என்று எண் போட்டு வைத்திருக்கிறார். சாம்பார் வேண்டும் என்றால், 1, 2, 3 என்று எண்களைச் சொன்னால் போதும். அவரே அந்தந்தப் பக்கத்தைப் புரட்டி வேலையை முடித்துவிடுவார். இதே போல, அடிக்கடி தேவைப்படும் கணக்குப் பகுதிகளை எல்லாம் காந்த நாடாவில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் கொடுத்தார் கிரேஸ். அடையாளத்தை மட்டும் எழுதினால், கம்ப்யூட்டரே உரிய பகுதிகளைத் தேடி எடுத்து, ஒன்றாகக் கோத்து, முழு புரோகிராமையும் உருவாக்கிவிடும்.

1952-இல் இது ஓடத் தொடங்கியது. பெயர் ஏ-0. இதைத்தான் காம்பைலர் என்று அழைத்தார் கிரேஸ். இன்றைய காம்பைலர்களோடு ஒப்பிட்டால் அது மிகவும் எளிமையானது. ஆனால், பாதை அங்கேதான் திறந்தது.

உடனே பாராட்டு மழை பொழிந்தது என்று நினைத்தீர்களா? இல்லை. கம்ப்யூட்டர் கணக்கு மட்டும்தான் போடும், புரோகிராம் எழுதாது என்றார்கள் பலர். கண் முன்னே ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, முடியவே முடியாது என்றார்கள்!

பிரெஞ்சு பேசினால் தப்பா?

கிரேஸ் அடுத்த படிக்குப் போனார். அலுவலகங்களில் சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் பார்ப்பவர்களுக்கு எக்ஸ், ஒய் என்ற குறியீடுகள் பிடிக்கவில்லை. அவர்களுக்குச் சொற்கள்தான் பழக்கம். சம்பளத்திலிருந்து வருமான வரியைக் கழி என்று ஆங்கிலத்தில் எழுதினால், கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டும். மனிதர்கள் இயந்திரத்தின் மொழியைக் கற்பதைவிட, இயந்திரம் மனிதர்களின் சொற்களைக் கற்றுக்கொள்ளட்டுமே என்பது அவருடைய எண்ணம்.

இதற்கு ஒரு மாதிரியைத் தயாரித்து, கம்பெனி மேலாளர்களிடம் காட்டினார்கள். ஆங்கிலச் சொற்களும் கம்ப்யூட்டருக்கு வெறும் அடையாளங்கள்தான் என்பதைப் புரிய வைக்க நினைத்தார் கிரேஸ். அதே புரோகிராமைப் பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் எழுதி ஓட்டிக் காட்டினார். வந்தது வினை! அமெரிக்காவில் செய்த கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படித் தெரியும் என்று மேலாளர்கள் மிரண்டுபோனார்கள். இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி சொன்ன பிறகே வேலை நகர்ந்தது.

அப்படி உருவான மொழிதான் ஃப்ளோ-மேட்டிக்.

இன்னொரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு விதமான புரோகிராம். ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று மேரி ஹாவ்ஸ் என்ற பெண்மணி சொன்னார். 1959 மே மாதம், அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் இதற்காகக் கூட்டம் கூடியது. ஜீன் சாமெட் உள்ளிட்ட பலர் குழுவாக உழைத்து உருவாக்கிய அந்த மொழியின் பெயர் கோபால். நம் ஊர்ப் பெயர் போல இருக்கிறதா? பொதுவான வணிக மொழி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. கிரேஸ் ஆலோசகராக இருந்தார். அவருடைய ஃப்ளோ-மேட்டிக்தான் கோபாலுக்கு முக்கிய அடித்தளம். 1960 டிசம்பரில், ஒரே கோபால் புரோகிராம் இரு வேறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் ஓடிக் காட்டியது!

வங்கி, இன்சூரன்ஸ், அரசு அலுவலகம் என்று கோபால் எங்கும் பரவியது. 2020-இல் கொரோனா காலத்தில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில அரசு, பழைய கம்ப்யூட்டர்களைச் சமாளிக்கக் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று கேட்டது. 60 ஆண்டு ஆகியும் அந்த மொழி உழைத்துக்கொண்டிருந்தது!

ஓய்வே இல்லாத ஓய்வு

1966-ஆம் ஆண்டு கடைசி நாளில், 60 வயதான கிரேஸுக்குக் கடற்படை ஓய்வு கொடுத்தது. ஏழே மாதத்தில் மறுபடியும் அழைப்பு! கடற்படையின் கம்ப்யூட்டர்களில் வகைக்கு ஒன்றாக இருந்த கோபாலைச் சீர்படுத்த, ஆறு மாதம் மட்டும் வந்து போகச் சொன்னார்கள். அந்த ஆறு மாதம், இடையில் ஒரு சிறு ஓய்வு போக, 19 ஆண்டு நீண்டது. எடை போதாது, வயது போதும் என்று சொன்ன அதே கடற்படை, 1985-இல் அவரை ரியர் அட்மிரல் ஆக்கியது.

அவருடைய அலுவலகச் சுவரில் ஒரு கடிகாரம் பின்பக்கமாகச் சுற்றும். ஆனால், சரியான நேரம் காட்டும். எப்போதும் இப்படித்தான் செய்து வந்தோம் என்று சொல்லி, புதியதை மறுப்பவர்களுக்கு அதைக் காட்டுவார். பழக்கம் வேறு, சரி என்பது வேறு என்று பார்த்தவுடன் புரிந்துவிடும்.

பேசப் போகும் இடமெல்லாம், 30 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒயர்த் துண்டுகளைக் கட்டாக எடுத்துப் போவார். உங்கள் ஜியோமெட்ரி வகுப்புக்குக் கொண்டு போகும் நீளமான ஸ்கேல் அளவுதான் இருக்கும். ஒரு நானோ செகண்ட், அதாவது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில், ஒளி அதிகபட்சம் அவ்வளவு தூரம்தான் போகும். செயற்கைக்கோள் வழியாகப் போகும் செய்தி ஏன் தாமதமாகிறது என்று ராணுவ அதிகாரிகள் கேட்டால், இங்கிருந்து செயற்கைக்கோள் வரை இந்தத் துண்டுகளை எத்தனை அடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்பார். கம்ப்யூட்டர் ஏன் சிறியதாக இருக்க வேண்டும் என்பதும் அந்த ஒயரிலேயே விளங்கிவிடும். தூரம் குறைந்தால்தானே வேகம் கூடும்! நானோ செகண்டிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான பிகோ செகண்டைக் காட்ட, மிளகுத்தூளைக் காட்டுவார்.

1986 ஆகஸ்ட் 14-ஆம் தேதி, பாஸ்டன் நகரில் கான்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் போர்க்கப்பலில் அவருக்கு விடை கொடுத்தார்கள். அப்போது வயது 79. அன்று அமெரிக்கப் படைகளில் பணியில் இருந்த அதிகாரிகளிலேயே மூத்தவர் அவர்தான். வீட்டுக்குப் போனாரா? இல்லையே! டிஜிட்டல் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்து, இளைஞர்களுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். 1992-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி, 85-ஆவது வயதில் காலமானார்.

அவர் பெயரில் ஹாப்பர் என்ற போர்க்கப்பல் கடலில் வலம் வருகிறது. 2016-இல் அமெரிக்காவின் உயரிய விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம், மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரிக்கு 2017-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

நீங்களும் கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஆக ஆசைப்படுகிறீர்களா? ஆராய்ச்சியாளரின் வேலை கம்ப்யூட்டரை வேகமாகத் தட்டுவது அல்ல. இதுவரை முடியாத ஒன்றை எப்படி முடிய வைப்பது என்று யோசிப்பது. அதற்குக் கணிதம் கைகொடுக்கும். பட்டப் படிப்புக்குப் பிறகு முதுகலை, டாக்டர் பட்டம் என்று பொறுமையாக ஏற வேண்டியிருக்கும். கூடவே, கணித மாணவிகளுக்குக் கிரேஸ் கொடுத்த அந்தக் கட்டுரை வேலையையும் மறந்துவிடாதீர்கள். இன்று வகுப்பில் புரிந்துகொண்ட ஒரு கணக்கை, அது தெரியாத தம்பிக்கோ தங்கைக்கோ உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டால், கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கவும் உங்களால் முடியும்!